போர்ட்டோமரீன்ல தங்கணுமா, தாண்டிப் போயிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம், நானும் என் தங்கச்சியும் ஸ்பெயின்ல சாரியாங்கிற ஊர்லருந்து சந்தியாகோ புனிதத்தலம் வரைக்கும் பாதயாத்திரை போறோம். எனக்கு 58 வயசு, முழங்கால் வலி இருக்கு. முதல் நாளே போர்ட்டோமரீன்னு ஒரு ஆத்தங்கரை ஊர் வருதாம், அங்க கூட்டம் ஜாஸ்தி, நிக்காம கொன்சார் போய் தங்கிடுங்கன்னு ஒருத்தர் சொல்றார். எது நல்லதுன்னு சொல்லுங்க. – வாசகி ஒருவர்

பதில்: தங்கிடுங்கம்மா, யோசிக்கவே வேணாம். சாரியாவுலருந்து போர்ட்டோமரீனுக்கே 22 கிலோமீட்டர், கொன்சாருக்கு அங்கருந்து இன்னும் 8, அதுவும் ஏத்தம், முதல் நாளே 30 நடந்தா மறுநாள் முழங்கால் மடங்காது. அதுவும் ஊருக்கு முன்னாடி ஆத்தைப் பார்த்து இறங்குற சரிவு ரொம்ப செங்குத்து, அங்கதான் எனக்கு கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு. நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போங்க, இறங்குறதுக்கு முன்னாடி நின்னு ஷூ லேஸை கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்குங்க, கைத்தடி கட்டாயம்.

இறங்கினதும் மின்யோ ஆத்து மேல உயரமான பாலம். நடுவுல நின்னு கீழ பாருங்க. பழைய ஊர் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு, 1960கள்ல பெலெசார் அணை கட்டினப்ப மூழ்கிப்போச்சு, ஜனங்களுக்கு மேட்டு மேல புது ஊர் கட்டிக் கொடுத்தாங்க. நான் போனது தண்ணி வத்தின சமயம், சேறு படிஞ்ச சுவரு, கூரை இல்லாத வாசல் எல்லாம் வரிசையா தெரிஞ்சுது, ஒரு காலத்துல யாரோ கோலூன்றி நுழைஞ்ச வாசல்தானேன்னு நெஞ்சை அடைச்சுது, ரொம்ப நேரம் நகர முடியல. பாலம் முடியுற இடத்துல ஒரு பெரிய படிக்கட்டு இருக்கும், அது பழைய பாலத்தோட மிச்ச வளைவு மேல நிக்குது. கால் வலிக்குதுன்னு மலைச்சுடாதீங்க, தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா ஏறுங்க.

கூட்டம்னு சொன்னது உண்மைதான், ஏன்னா சாரியாவுலதான் நிறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. அரசாங்க விடுதியில முன்பதிவு கிடையாது, முதல்ல வர்றவங்களுக்குத்தான் கட்டில், அதனால நீங்க தனியார் விடுதியில முன்கூட்டியே புக் பண்ணி கீழ் கட்டில் கேட்டு வாங்கிடுங்க. முழங்காலை நினைச்சு போர்ட்டோமரீன்லருந்தே ஆரம்பிச்சிடலாம்னு மட்டும் தோணவே கூடாது, யாத்திரை சான்றிதழுக்கு குறைஞ்சது 100 கிலோமீட்டர் நடக்கணும், 100ஆவது கிலோமீட்டர் கல் அந்த ஊருக்கு முன்னாடியே வந்துடும். கூடவே கொண்டு போற யாத்திரை புத்தகத்துல, நடந்து வந்ததுக்கு அடையாளமா, தினம் ரெண்டு முத்திரை (ஸ்டாம்ப்) வாங்கணும்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், தங்குற விடுதியிலயே ஒண்ணு போட்டுடுவாங்க.

குளிச்சுட்டு சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கிட்டு சதுக்கத்துக்கு வாங்க. கோட்டை மாதிரி நிக்கிற அந்த சர்ச் பழைய ஊர்ல இருந்ததுதான், மூழ்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லா நம்பர் போட்டுக் கழட்டி மேல கொண்டு வந்து திரும்ப அடுக்கியிருக்காங்க. சுவத்துக்குக் கிட்ட போய்த் தேடினா அந்த நம்பர் இன்னும் மங்கலா தெரியும், விரலை வெச்சுத் தடவிப் பாருங்க.