கூண்டு ஓரம் கருவி மிதவை கட்டலாமா?

கேள்வி: ஐயா, மண்டபம் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடா) நான்கு கூண்டு போட்டுக் கடல்விரால் வளர்க்கிறேன். 2019-ல் தென்கடல் (மன்னார் வளைகுடா) பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதைப் பார்த்ததிலிருந்து பயம். இப்போது ஒரு கம்பெனிக்காரர், நங்கூரம் போட்டு மிதவை நிறுத்தினால் ஆக்சிஜன், உப்பு, வெப்பம் எல்லாம் அரை மணிக்கு ஒருமுறை போனுக்கு வரும் என்கிறார். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் வாரம் ஒருமுறை அதைத் தூக்கித் துடைக்க உங்களிடம் ஆள் இருந்தால் மட்டும். இல்லையென்றால் அந்தக் காசுக்குத் தீவனம் வாங்குங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் கடலில் எதைத் தொங்கவிட்டாலும் பத்து நாளில் வழவழவென்று பாசி, அப்புறம் கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கருவியில் ஆக்சிஜன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. மீனோ பாய்ந்து பாய்ந்து தீனி எடுக்கிறது. தூக்கிப் பார்த்தால் உணர்முனை மேல் மிளகு அளவு கொட்டலசு அடை அடையாய். அதுகள் மூச்சு விடுவதைத்தான் கருவி அளந்திருக்கிறது, கடலை அல்ல. துடைப்பான் வைத்த மாடலும், முனையைச் சுற்றிச் செம்புக் கவசம் போட்டதும் கிடைக்கும். அவை இந்தத் தொல்லையைத் தள்ளிப்போடும், ஒழிக்காது.

அடுத்தது உப்பு. நன்னீர்க் குளத்துக்கு அமைத்த கருவியை அப்படியே கடலில் இறக்கினால் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டும். 30 டிகிரி வெப்பத்தில், உப்பு 35 (கிலோ நீருக்கு 35 கிராம்) இருக்கும் கடல் நீர் காற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும், நன்னீர் என்றால் 7.5. அதனால் உப்பு அளவைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். மழைக்காலத்தில் உப்பு இறங்கும்போது கருவி தானாகத் திருத்திக்கொள்ளுமா, நீங்கள்தான் மாற்ற வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தனி நங்கூரம் எதற்கு? உங்கள் கூண்டே நங்கூரத்தில்தானே நிற்கிறது. அதன் சட்டத்தில் கட்டி, வலைக்குள் பாதி ஆழத்தில் முனை நிற்கும்படி இறக்குங்கள். மேல்மட்டத்தில் அலை கலக்குவதால் அளவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மீன் திணறுவது கீழே. தனியாக நிறுத்திய மிதவை யாராவது விட்ட வலையில் சிக்கினால் அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும்.

2019 செப்டம்பரில் வந்தது நாக்டிலூகா என்ற மிதக்கும் நுண்ணுயிர், நம்மவர்கள் பூங்கோரை என்பார்களே, அதுதான். அது அழுகும்போது ஆக்சிஜன் சரிகிறது, பெருகிக் கிடந்தால் செவுளையும் அடைக்கும். ஆக்சிஜன் அளக்கும் முனை இதில் முதல் பாதியைத்தான் சொல்லும், நீர் பச்சையாவதை உங்கள் கண்தான் முதலில் பார்க்கும். கடல் தகவல் தரும் மத்திய அரசின் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் நீரின் தரம் பார்க்கும் மிதவைகள் நிறுத்தியிருக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் உங்கள் வலைக்குள் விடியற்காலை என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

ஆக்சிஜன் பொதுவாக விடிவதற்குச் சற்று முன்தான் மிகக் குறைவாக இருக்கும். நீரோட்டம் செத்த நாளில் இன்னும் மோசம், வலைக் கண்ணில் பாசி அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்று சங்காயம் (தீனியாகப் போடும் மலிவான பொடி மீன்) போடாதீர்கள், தீனி செரிக்கவே மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். 3-ஐ நெருங்கினால் வலையை மாற்றுவது, காற்று ஊதுவது, விற்கும் எடைக்கு வந்த மீனைப் பிடித்துவிடுவது என்று இறங்கிவிட வேண்டும். இதற்கெல்லாம் வள்ளமும் ஆளும் தயாராக இல்லாமல், ராத்திரி 3 மணிக்குப் போன் கத்தி என்ன பயன்?

நான் என்றால் முதல் வருடம் கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்று வாங்கி, விடியுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நோட்டில் எழுதுவேன். பக்கத்துக் கூண்டுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் மிதவைக் கருவி பொதுவில் ஒன்று போடலாம், துடைக்க முறை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கை மீட்டரை விற்றுவிடாதீர்கள், இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

பணம் கொடுக்கும் முன் கம்பெனிக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். முனையின் மூடியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், என்ன விலை? குளத்தில் இல்லாமல் கடலில் மூன்று மாதம் ஓடிய கருவியின் பதிவு ஒன்றைக் காட்ட முடியுமா?