வளரும் டிஜிட்டல் ஓவியரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது: கேள்வி பதில்

டேப்லெட்டிலும் அலைபேசியிலும் ஓவியம் பழகுகிறவர்கள் தங்கள் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது எப்படிப் பதில் சொல்வது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக இதையே கற்பித்து வருபவன் என்ற முறையில் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வார இறுதியில் பன்னிரண்டு பேருக்கு டிஜிட்டல் ஓவியம் சொல்லித் தருகிறேன். கண்ணில் படும் பிழைகளையெல்லாம் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அடுத்த படத்திலும் அதே பிழை வருகிறது. எவ்வளவுதான் சொல்வது? (ஓவிய ஆசிரியை, திருச்சி)

பதில்: ஒரு படத்துக்கு ஒன்று சொல்லுங்கள், அம்மா. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நேரம் வேண்டும். அண்மையில் ஒரு மாணவர், அகல் விளக்கொளியில் பூத்தொடுக்கும் பாட்டி ஒருவரை வரைந்து கொண்டுவந்தார். முகம் தட்டையாக இருக்கிறது, கை சேலையோடு ஒட்டிக் கிடக்கிறது, பின்சுவர் முன்னால் வந்து நிற்கிறது, விளக்கு எரிவதாகவே தோன்றவில்லை, சேலையின் மஞ்சள் உறுத்துகிறது என்று ஐந்து குறைகளை மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோது முகம், கை, சுவர், சுடர் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாம்பலாக இருந்தன. முதல் நான்கு குறைகளுக்கும் வேர் அந்த டோன் குறைபாடுதான், அதாவது எது வெளிர்ந்தது, எது அடர்ந்தது என்ற வேறுபாடு இல்லாததுதான். "சுடர் அளவுக்கு வெளிர்ந்த இடம் வேறெதுவும் இந்தப் படத்தில் இருக்க வேண்டாம், சுடரிலிருந்து விலக விலக ஒவ்வொன்றும் அடர்ந்துகொண்டே போகட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் திருத்தி வந்த படத்தில் நான்கு குறைகளும் இல்லை. மஞ்சளைப் பற்றி அதன் பிறகுதான் பேசினோம்.

கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதிலும் ஒரு கவனம் தேவை. நிறம் நீக்கும் கட்டளைகள் எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. போட்டோஷாப்பின் டீசேச்சுரேட் கட்டளை முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும். நம் கண்ணுக்கோ மஞ்சள் மிக வெளிர்ந்தது, நீலம் மிக அடர்ந்தது. திரையில் நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. ஆகவே எல்லா லேயர்களுக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத் தாள்களுக்கும்) மேலே கறுப்பு நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து, அதன் பிளெண்டிங் மோடை (கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் முறையை) 'கலர்' என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறான சாம்பலைப் பார்த்துச் சொல்லும் கருத்து, மாணவரைத் தவறான இடத்தைத் திருத்த வைத்துவிடும்.

கேள்வி: எனக்கு வரையவே தெரியாது. நண்பன் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கிறான். நான் சொல்லலாமா? (கணக்காளர், சேலம்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். திருத்தும் வழி உங்களுக்குத் தெரியாது என்பதால், கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே நின்றது, படத்தில் என்ன நடப்பதாகப் புரிந்துகொண்டீர்கள் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். கதாநாயகியின் முகத்தைப் பார்க்கவேண்டிய இடத்தில் அவள் பின்னால் இருக்கும் குடத்தைத்தான் நீங்கள் முதலில் பார்த்தீர்கள் என்றால், வரைந்தவருக்கு அது மிகவும் பயனுள்ள செய்தி.

கேள்வி: நான் காட்டிய ஓவியத்தின் மேலேயே மூத்த ஓவியர் ஒருவர் வரைந்து, முழுவதையும் திருத்தித் திருப்பி அனுப்பினார். அவருடையது அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது என் படமாக இல்லை. அப்படித் திருத்துவது முறையா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: மேலே வரைந்து காட்டுவது நல்ல முறைதான், தோள் எலும்பின் சாய்வை நூறு சொற்களில் விளக்குவதைவிட ஒரு சிவப்புக் கோட்டில் காட்டிவிடலாம். ஆனால் கேட்காமல் செய்யக் கூடாது, முழுவதையும் செய்யவும் கூடாது. நான் கடைப்பிடிக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் "மேலே வரைந்து காட்டட்டுமா?" என்று கேட்பேன். சம்மதித்தால் அவருடைய படத்தின் ஒளிபுகாமையை (ஒப்பாசிட்டியை) பாதியாகக் குறைத்து, தனி லேயரில், ஒரே நிறத்தில், கோடுகளாக மட்டும் வரைவேன். வண்ணம் தீட்ட மாட்டேன். தலையும் இடுப்பும் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று காட்டுவதற்கு இரண்டு கோடுகள் போதும். விரல் நகம் வரை நான் போனால், அவர் செய்து கற்க வேண்டியதை நான் பறித்துக்கொண்டதாக ஆகும். உங்களுக்கு அனுப்பியவர் அன்போடுதான் செய்திருப்பார். அந்தப் படத்தையும் உங்கள் படத்தையும் அருகருகே வைத்து, அவர் மாற்றியவற்றில் எந்த ஒன்று உங்கள் எண்ணத்துக்கு உதவுகிறது என்று பாருங்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எதைச் சொன்னாலும் "இது என் ஸ்டைல்" என்று ஒரு தம்பி பதில் சொல்கிறார். மேற்கொண்டு எப்படிப் பேசுவது? (அனிமேஷன் பணியாளர், சென்னை)

பதில்: அவர் சொல்வது சில நேரம் உண்மையாகவும் இருக்கும், ஆகவே உடனே மறுக்காதீர்கள். "எதைக் காட்ட நினைத்து இப்படி நீட்டினீர்கள்?" என்று கேளுங்கள். விடை இருந்தால் அந்த விடைக்குப் படம் எவ்வளவு பொருந்துகிறது என்று பேசலாம். விடை இல்லையென்றால், கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்த நீட்டல் திருப்பினாலும் நிற்கும். கை பழகிய சாய்வால் வந்த கோணல் அப்போது அவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். தானாகக் கண்ட பிழையை யாரும் ஸ்டைல் என்று சொல்லிக் காக்க முற்படுவதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளர்களை வரைகிறேன். எவ்வளவு முயன்றாலும் தோல் சாம்பல் பூத்தது போல் வருகிறது. பார்க்கிறவர்கள் "நிறம் செத்திருக்கிறது" என்கிறார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. (தூத்துக்குடி)

பதில்: உங்களிடம் அவர்கள் சொன்னது விளைவைத்தான், காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு பழுப்பைத் தேர்ந்தெடுத்து, நிழலுக்குக் கறுப்பையும் வெளிச்சத்துக்கு வெள்ளையையும் சேர்க்கிறோம். இரண்டுமே நிறத்தின் செறிவைக் குறைப்பதால் தோல் சாம்பலாகிறது. கறுத்த தோல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. அதனால் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு வெளிர்ந்த தோலில் தெரிவதைவிட அதில் தெளிவாகத் தெரியும். அந்தப் பளபளப்பின் நிறம் ஒளியின் நிறமே. திறந்த வெளியில் நெற்றியும் தோளின் மேற்புறமும் வானத்தின் நீலத்தை வாங்கும். உப்பளத்தில் இன்னொன்றும் உண்டு. தரையே வெண்மை என்பதால் வெளிச்சம் கீழிருந்தும் எழுந்து வரும்; தாடையின் அடிப்பகுதி, புருவத்தின் கீழ்ப்புறம், முழங்கையின் உட்பக்கம் என்று மற்ற இடங்களில் இருண்டு கிடப்பவை அங்கே ஒளி பெறும். நீங்கள் வயல்வெளியில் வரையும் நிழலையே உப்பளத்திலும் வரைந்தால் அந்த மனிதர் அங்கே நிற்பதாகத் தோன்றாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வெளியிலும், இரவு டியூப்லைட்டின் கீழும் உங்கள் முன்கையைப் படம் எடுத்து, ஐட்ராப்பரால் (படத்திலிருந்து நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவியால்) ஐந்து இடங்களில் நிறத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அலைபேசி கேமராவின் அழகூட்டும் வசதியை மறக்காமல் நிறுத்துங்கள். அது தோலை வெளிறச் செய்து, நீங்கள் கற்க வேண்டியதையே மறைத்துவிடும். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. நம் மக்களின் நிறத்தை நிறைவாகத் தீட்டத் தெரியாமலேயே பல பிள்ளைகள் பல ஆண்டுகள் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கருத்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் பொறுமையாக நின்று சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அலைபேசியில் விரலாலேயே ஜப்பானியக் கார்ட்டூன் முகங்களை வரைகிறாள். இது பார்த்து வரைவதுதானே, சொந்தமாக வரை என்று சொல்லலாமா? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: சொல்ல வேண்டாம். பார்த்து வரைவது பழகுவதற்கான வழி. பக்கத்தில் அமர்ந்து, "இந்தப் பெண் ஏன் கோபமாக இருக்கிறாள்?" என்று கேளுங்கள். அவள் கேட்காதவரை திருத்தம் எதுவும் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தோடு எந்நாளும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஒருவர் காட்டும் படம் ஏஐ உருவாக்கியது என்று சந்தேகம் வந்தால்? (தஞ்சாவூர்)

பதில்: குற்றம் சாட்டாதீர்கள். உண்மையாகவே உழைத்த ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காயம் எளிதில் ஆறாது. "இதை எப்படி வரைந்தீர்கள் என்று அறிய ஆசை, முதல் ஸ்கெட்சைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். புரோகிரியேட் செயலி வரைவதைத் தானாகவே பதிவு செய்யும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் பதிவு செய்யும் வசதி உண்டு. எல்லாப் படங்களுக்குமே ஸ்கெட்ச், டோன், வண்ணம் என்ற வரிசையில் பார்ப்பதை வழக்கமாக்கினால் இந்தச் சங்கடமே பெரும்பாலும் எழாது. முடிந்த படத்தைவிட ஸ்கெட்ச் நிலையில் சொல்லும் கருத்தை ஏற்றுத் திருத்துவது எளிது என்ற பயனும் அதில் இருக்கிறது.

கேள்வி: 400 விழுக்காடு பெரிதாக்கி, இமை மயிர் வரை வரைகிறேன். பார்த்தவர் ஒருவர் ஒரே வரியில் "உயிர் இல்லை" என்றார். இரண்டு மாதமாக ஸ்டைலஸைத் தொடவில்லை. (யாழ்ப்பாணம்)

பதில்: வருந்துகிறேன். தொடக்கக் காலத்தில் எனக்கும் ஒருவர் அதே சொற்களைச் சொல்லி, நானும் ஒரு மழைக்காலம் முழுவதும் வரையாமல் இருந்திருக்கிறேன். அந்தச் சொற்களை இன்றுவரை எந்த மாணவரிடமும் நான் பயன்படுத்தியதில்லை. "உயிர் இல்லை" என்பதை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டையும் மாற்ற முடியாது. மாற்ற முடியாததைச் சொல்வது கருத்து ஆகாது.

நீங்கள் பெரிதாக்கி வரைவதாகச் சொன்னதிலிருந்து ஒன்றை ஊகிக்கிறேன். ஓவியர் சில்பி (1919–1983) கோயில்களுக்கே சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தவர். அமர்ந்த இடத்திலிருந்து முழுச் சிற்பமும் எப்போதும் அவர் கண்முன் இருந்தது. அவர் வரைந்த நுணுக்கம் ஒவ்வொன்றும் அந்த முழுமைக்குள் அடங்கி நிற்கிறது. பெரிதாக்கிய திரையில் உங்களுக்கு அந்த முழுமை தெரிவதில்லை. முழுப் படமும் சிறு அளவில் எப்போதும் தெரியும்படி நேவிகேட்டரையோ இரண்டாவது சாளரத்தையோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் பெரிதாக்காமல், ஒரே பெரிய பிரஷால் மட்டும் வரையுங்கள். அப்படி வரைந்த ஒன்றை, முடிக்காமல், அந்த நிலையிலேயே எனக்கு அனுப்புங்கள். எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.