சயாமிஸ் பூனை: குணம் எது, நோய் எது?

சயாமிஸ் வளர்ப்பவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலும் ஒரே கவலைதான்: இது இந்த இனத்தின் குணமா, இல்லை உடம்புக்கு ஏதாவது கோளாறா? ஓயாமல் கத்தும், ஆளை விட்டு நகராது, எதையாவது கடிக்கும் என்று பெயர் வாங்கிய இனம் என்பதால், நிஜமான நோயைக்கூட ‘சயாமிஸ் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போது பால் வெள்ளையாக இருந்த குட்டிக்கு இப்போது காது, மூக்கு, வால் எல்லாம் கருத்துவிட்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, அசல் சயாமிஸ் அப்படித்தான் வளரும். நிறத்தை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி இந்த இனத்தில் மரபிலேயே சற்று மாறியிருக்கிறது. உடல் சூட்டில் அது சரியாக வேலை செய்யாது, சூடு குறைந்த இடத்தில்தான் செய்யும். தாய் வயிற்றுக்குள் உடம்பு முழுக்க ஒரே சூடு, அதனால் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. அப்புறம் முகம், காது, பாதம், வால் என்று சூடு குறைந்த ஓரங்கள் கருக்கத் தொடங்கும். தாய்லாந்தின் பழைய பூனைச் சுவடிகளில் விச்சியன்மாட் என்று வருவது இதே வெளிர் உடம்பும் கருத்த ஓரமும் கொண்ட பூனைதான். அறுவைக்காக முடி மழித்த இடத்தில் புது முடி கருப்பாக முளைத்தாலும் பயப்படாதீர்கள். அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

எங்கள் பூனைக்கு லேசாக மாறுகண். சிகிச்சை உண்டா?

குட்டியிலிருந்தே இருந்தால் தேவையில்லை. நிறத்தை மாற்றும் அதே மரபணு கண் நரம்புகளின் பாதையையும் மாற்றிவிடுகிறது. நன்றாக ஓடும், குதிக்கும். வளர்ந்த பூனைக்குத் திடீரென்று கண் திரும்பினால் மட்டும் உடனே காட்டுங்கள்.

7 மாதப் பெண் பூனை. மூன்று நாளாக இரவெல்லாம் குழந்தை அழுவதுபோல் கத்துகிறது, தரையில் உருளுகிறது. வயிற்று வலியா?

சாப்பாடு இறங்கி, வாந்தி இல்லாமல் இருந்தால், பருவத்துக்கு வந்திருக்கிறது. சயாமிஸ் சீக்கிரமே பருவம் அடையும், சிலது 5 மாதத்திலேயே. ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சயாமிஸ்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்ற பூனைகளைவிட அதிகம் வருகிறது. பூனையில் அது பெரும்பாலும் கொடிய வகை. 6 மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் அந்த ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்குள் செய்தாலும் நல்ல பலன் உண்டு. உங்கள் பூனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

12 வயது ஆண் பூனை, கருத்தடை ஆனது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைக்கிறது. நள்ளிரவில் கத்தத் தொடங்கியிருக்கிறது. வயசாகிவிட்டது என்கிறார்கள்.

நன்றாகத் தின்றும் இளைக்கிற பூனைக்கு வயசு ஒரு காரணமே இல்லை. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும், ஏனென்றால் குடல் புற்றுநோய் இந்த இனத்தில் கூடுதலாக வருகிறது.

அடிக்கடி இருமுகிறது. முடி உருண்டை என்று பேஸ்ட் கொடுத்தேன், நிற்கவில்லை.

இருமும்போது உட்காரும் விதத்தைப் பாருங்கள். முன்னங்காலை மடக்கி, தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி இருமுகிறதா? கடைசியில் முடியும் வரவில்லை, சாப்பாடும் வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சயாமிஸ்களுக்கு அது வரும். செல்போனில் ஒரு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் எதிரில் பூனை இருமாது. மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். குழந்தைகளுக்கு வைப்பதுபோல முகமூடி பொருத்திய இன்ஹேலரும் பூனைக்கு உண்டு, மெதுவாகப் பழக்கினால் ஏற்றுக்கொள்ளும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகையைப் பூனை இருக்கும் அறையில் இன்றோடு நிறுத்துங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

நாங்கள் சைவம். தயிர்சாதம், பால் மட்டும் போதுமா?

போதாது. பூனையால் டாரின் என்ற அமினோ அமிலச் சத்தைப் போதுமான அளவு உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை வீங்கித் தளர்ந்துவிடும். வீட்டில் மீனோ கறியோ சமைக்க முடியாவிட்டால் முழுச் சத்துள்ள பூனை உணவைக் கடையில் வாங்கிக் கொடுங்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். போர்வை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மென்று ஓட்டை போடுகிறது. அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது, பயந்துபோய் இன்னும் மெல்லும். துணி மெல்லும் பழக்கம் சயாமிஸ், பர்மீஸ் இனங்களில் பரம்பரையாக வருகிறது. தனிமையும் சலிப்பும் அதைக் கூட்டும். மனிதத் துணைக்கு இவ்வளவு ஏங்குகிற இனம் குறைவு. நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் இதைத் தனியாக விடுவது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. முடிந்தால் இன்னொரு பூனை வளருங்கள். காலையில் கிளம்புமுன்னும் மாலையில் வந்ததும் பத்து நிமிடம் ஓடவிட்டு விளையாடுங்கள். உலர் உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேடவிடுங்கள். கம்பளியையும் நூலையும் அலமாரிக்குள் பூட்டுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடல் அறுந்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். துணி மென்ற பூனை சாப்பாட்டை நிறுத்தி வாந்தி எடுத்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.