மயக்க மருந்துக் காற்றுக்குப் பயந்து சீட்டை விட்டுவிடாதீர்கள்

அம்மா, வணக்கம். மகளுக்கு பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் - அனஸ்தீசியா டெக்னாலஜியில் இடம் கிடைத்திருக்கிறது. "அந்தக் காற்றைச் சுவாசித்தால் வயிற்றில் குழந்தை தங்காது" என்று தங்கச்சிமடத்தில் யாரோ சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துவிடுங்கள். ஆனால் அந்தப் பேச்சை வெறும் வதந்தி என்று நான் தள்ளமாட்டேன்.

1967-இல் சோவியத் நாட்டில் வைஸ்மன் என்பவர், மயக்க மருந்து கொடுக்கும் பெண் மருத்துவர்களின் 31 கர்ப்பங்களில் 18 கலைந்துபோனதாக எழுதினார். சின்ன ஆய்வுதான், ஆனாலும் உலகமே விழித்துக்கொண்டது. உங்களுக்கு அதைவிட முக்கியமானது 1992-இல் அமெரிக்காவில் பல் மருத்துவ உதவியாளர்களிடம் நடந்த ஆய்வு. மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை வெளியேற்றும் வசதி இல்லாத அறையில் வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்த பெண்களுக்குக் கருத்தரிக்கத் தாமதமானது. அந்த வசதி இருந்த இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அந்த வாயு உடம்பில் வைட்டமின் பி12-ஐச் செயலிழக்க வைக்கும் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

ஆகவே பயப்பட வேண்டியது படிப்புக்கு அல்ல, காற்று வெளியே போகாத அறைக்கு. மயக்க மருந்து மெஷினிலிருந்து மிச்ச வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகும் குழாய் இருக்கிறதா, அது ஒழுங்காக மாட்டப்பட்டிருக்கிறதா என்று மகள் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேவெஞ்சிங் என்று பெயர். ஸ்பிளிட் ஏ.சி. மட்டும் ஓடும் தியேட்டர் என்றால் உஷார், அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். நம் கரையோர உப்புக் காற்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பொருத்தியிருந்தால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும்.

முகத்தில் கட்டும் மாஸ்க் வாயுவைத் தடுக்காது. வாடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கக்கூடாது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) அமைப்பு நைட்ரஸ் ஆக்ஸைடுக்குச் சொல்லும் வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. மூச்சு வழியாகக் கொடுக்கும் ஹாலோத்தேன் போன்ற பழைய மயக்க மருந்துகளுக்கு வெறும் 2 பங்கு. வாடை தெரியும்போது பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு மாஸ்க் வைத்து மயக்கும்போதுதான் அதிகம் கசியும். ரெகவரி அறையிலும் நோயாளியின் மூச்சில் மருந்து வந்துகொண்டிருக்கும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், மனசு கொஞ்சம் ஆறும். சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் நடக்கிறது, அதில் வாயுவே கிடையாது. புரொபோஃபால் போல நரம்பு வழியாக மட்டுமே மருந்து கொடுத்து மயக்குவதும் உண்டு.

நாளைக்குக் கல்யாணமாகி மகள் கருவுற்றால் வேலையை விட வேண்டியதில்லை. மூன்று மாதம் போகட்டும் என்று மறைக்காமல், தெரிந்ததுமே பொறுப்பாளரிடம் சொல்லி, வாயு பயன்படுத்தாத கேஸுக்கு மாற்றிக் கேட்கட்டும். கேட்பது அவள் உரிமை.

ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தாகிவிட்டது. படிப்பு முடிந்ததும் பாம்பனைத் தாண்டி ரொம்ப தூரம் போகாமலேயே வேலை தேட வழி இருக்கிறது. கட்டணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே ஸ்கேவெஞ்சிங் உண்டா என்று சேர்க்கை நாளன்றே மகளை வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.