கோட்டம் எடுக்கலாமா, ரிம்மை மாற்றலாமா?

அண்ணாச்சி, பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கொடுத்த சைக்கிள் குழியில் இறங்கியதிலிருந்து பின்சக்கரம் பிரேக் கட்டையில் உரசுகிறது. ரிம்மையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, சேரன்மகாதேவி

அவசரப்படாதீங்கம்மா. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சட்டத்தில் ஒரு சாக்கட்டியை அணைத்துப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். ரிம்மில் கோடு விழுகிற இடம்தான் கோட்டம். விளிம்பு நசுங்காமல், கீறல் விடாமல், பக்கவாட்டில் மட்டும் ஆடுகிறதென்றால் பெரும்பாலும் கம்பியை வைத்தே நேராக்கிவிடலாம். தட்டி நிமிர்த்துகிறேன் என்று சுத்தியலைத் தூக்குகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

போக்ஸ் கம்பிகள் ஒன்று விட்டு ஒன்று, சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாட்டியிருக்கும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் வலக்கம்பிகளை முடுக்கி, இடக்கம்பிகளை அதே அளவு இளக்க வேண்டும். கம்பியை ரிம்மில் பிடித்து நிறுத்துகிற சின்ன மரைதான் நிப்பிள். அதற்குக் கால் சுற்று போதும். சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கால் சுற்று. ஒரே கம்பியைப் பிடித்து முடுக்கிக்கொண்டே போனால் கோட்டம் போகும், ஆனால் அங்கே ரிம் உள்வாங்கிப் பள்ளம் விழும். அப்புறம் ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடும். டயர் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றுதான் முடுக்கு. என் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லாம் குழம்புகிற இடம் இது.

ஆற்றில் இறக்கிக் கழுவுகிற சைக்கிள் என்றால் நிப்பிள் துருவேறியிருக்கும். முந்தின ராத்திரியே ஆளுக்கொரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முடுக்கி முடித்ததும் டயரைக் கழற்றிப் பாருங்கள். கம்பி முனை நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவிவிட வேண்டும், இல்லையென்றால் டியூப் பஞ்சர்.

பால் கேன் கட்டுகிற வண்டி. பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம் இருக்கிற பக்கத்து, அதாவது ஃப்ரீவீல் பக்கக் கம்பிகளே மாற்றி மாற்றி உடைகின்றன. ரொம்ப முடுக்கிவிட்டேனோ?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

இல்லை தம்பி, தொய்வாக இருப்பதால்தான் உடைகிறது. சக்கரம் உருளும்போது தரைப்பக்கம் வருகிற கம்பி இளகி, மேலே போனதும் மறுபடி இறுகும். தொய்ந்த கம்பிக்கு இந்த ஆட்டம் அதிகம். ஹப்பில் வளைந்து நுழைகிற கழுத்தில்தான் ஒடியும். பெரிய சைக்கிளில் முன்னால் 32 கம்பி என்றால் பின்னால் 40 போட்டிருப்பதே பின்பக்கப் பாரத்துக்காகத்தான். அதிலும் ஃப்ரீவீலுக்கு இடம் விட்டிருப்பதால் அந்தப் பக்கக் கம்பி செங்குத்தாக நிற்கும், மற்றப் பக்கத்தைவிட விறைப்பாகவும் இருக்க வேண்டும். கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று 'டிங்' என்றும் அடுத்தது 'டொக்' என்றும் கேட்டால் சரியில்லை. மூன்று நான்கு போய்விட்டதென்றால் அந்தப் பக்கம் முழுவதும் புதுக்கம்பி போட்டுவிடுங்கள். ஃப்ரீவீலைக் கழற்றித்தான் மாட்ட முடியும், அதனால் கூலி கூடக் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்.

வழியில் கம்பி உடைந்தால் ஓட்டிக்கொண்டு வரலாமா?
- ஒரு மாணவர், பாளையங்கோட்டை

ஒன்றே ஒன்று என்றால் மெதுவாக வரலாம். தொங்குகிற துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடு, செயினில் மாட்டிவிடப் போகிறது. ரிம் உரசினால் பிரேக்கை இளக்கிக்கொண்டு ஓட்டாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு வா.