இரு பண்பாடு, ஒரு வீடு: தம்பதி ஆலோசனை பற்றிக் கேள்வி பதில்

வெவ்வேறு பண்பாட்டில் வளர்ந்த தம்பதிகளோடு வேலை செய்யும் ஆலோசகர் நான். என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எங்கள் இருவரின் பண்பாடும் ஆலோசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா, டாக்டர்?

நான் டாக்டர் இல்லை. கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான் ஆபத்து. மெலனி டெர்வலோன், ஜேன் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் முன்வைத்த ‘பண்பாட்டுப் பணிவு’ இதைத்தான் சொல்கிறது: இது படித்து முடித்துவிடும் பாடமல்ல, ஆயுள் முழுக்கத் தன்னையே சோதித்துக்கொள்ளும் பழக்கம். “அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்” என்று முடிவுகட்டி வருபவருக்கு எதிரே இருக்கும் ஆள் கண்ணில் படுவதில்லை.

மனைவிக்கு ஆலோசகரின் மொழி சரியாக வராது. அவள் சொல்வதை நானே சொல்லிவிடலாமா?

கூடாது. நீங்களும் இந்தச் சண்டையில் ஒரு கட்சி. வெளியாள் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பண்பாட்டு ஜெனோகிராம் என்கிறார்களே, அது என்ன?

நல்ல கேள்வி. ஜெனோகிராம் என்பது மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கென்னத் ஹார்டி, டிரேசி லாஸ்லோஃபி என்ற இரு குடும்ப ஆலோசகர்கள் 1995-இல் அதில் பண்பாட்டைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பூர்விகத்துக்கும் ஒரு நிறம். குடும்பம் எதில் பெருமைப்படுகிறது, எதற்கு வெட்கப்படுகிறது என்பதற்குக் குறிகள். ஆலோசகர்கள் முதலில் தங்களைத் தெரிந்துகொள்ளத்தான் இதை உருவாக்கினார்கள். பலர் அதை மறந்துவிட்டு நேராகத் தம்பதி கையில் பேனாவைக் கொடுக்கிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் மாதாமாதம் தன் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறார். கேட்காமல் அனுப்புகிறாரே என்று மனைவிக்குக் கோபம். படம் வரையும்போது தெரிகிறது, அவருடைய அப்பாவைப் படிக்க வைத்தது சித்தப்பாவின் சம்பளம். அவள் பக்கத்திலோ, தாத்தா தம்பிக்கு ஜாமீன் நின்று வீட்டையே இழந்தவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் இருவர் சம்மதமில்லாமல் பணம் வெளியே போகாது. அதுவரை ‘கருமி’, ‘அம்மா பிள்ளை’ என்று ஏசிக்கொண்டவர்கள் இப்போது வேறு விஷயம் பேசுவார்கள்.

என் கணவரும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறார். இது அவர் பண்பாடா, சுபாவமா?

மேலே இருப்பதைப் படியுங்கள். அப்புறம் அவரைக் கேளுங்கள், என்னை அல்ல.

மனித மனம் எங்கும் ஒன்றுதான். மனதில் உள்ளதை நேருக்கு நேர் சொல்லப் பழக்கினால் போதாதா? பண்பாடு என்பது சாக்கு.

நேருக்கு நேர் சொல்வதுதான் ஆரோக்கியம் என்பதே ஒரு பண்பாட்டின் தீர்ப்புதானே! பெரியவர் முன் எதிர்த்துப் பேசாமல் இருப்பதை மரியாதையாகக் கற்றவருக்கு, மௌனம் ஒளிந்துகொள்வது ஆகாது. அவரை “பேசு, பேசு” என்று நெருக்கும் ஆலோசகர், ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டதை அறியாமலே சாய்ந்திருப்பார்.

அப்படியானால் எதையும் தவறு என்றே சொல்ல முடியாதா? என் தோழியின் போனைக் கணவர் தினமும் சோதிக்கிறார். ‘எங்கள் வழக்கம்’ என்கிறார்.

சொல்லலாம், உரக்கவே சொல்லலாம். மிரட்டல், அடி, வேவு பார்ப்பது எந்தப் பண்பாட்டின் பெயரில் வந்தாலும் வன்முறைதான். அதே பண்பாட்டில் அதைச் செய்யாத ஆண்கள் எத்தனை பேர்! இந்த நிலையில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது ஆபத்து. அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தோழி முதலில் தனியாக, வன்முறையைக் கையாளத் தெரிந்த ஒருவரைப் பார்க்கட்டும்.

பார்த்தீர்களா, நான் சொன்னதுபோல் சாக்குதான்!

இல்லை சார். சாக்காகப் பயன்படுவதால் பண்பாடு பொய்யாகிவிடாது. “இந்த வழக்கத்தால் யாருக்கு லாபம், யார் வாயடைக்கப்படுகிறார்?” என்று கேளுங்கள், பண்பாடு வேறு, சாக்கு வேறு என்று பிரிந்துவிடும். இதோடு விடுவோம்.

எத்தனை செஷனில் தகராறு தீரும்?

எல்லாம் தீராது. தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வில், தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை. ஒரே பண்பாட்டில் கல்யாணம் செய்தவர்களுக்கும் இதே கதிதான்.

மகளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவளை மொழிபெயர்க்க வைக்கலாமா?

வேண்டாம். குழந்தையை வேண்டவே வேண்டாம்.

குடியுரிமை, விவாகரத்துச் சட்டம்…

வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஆலோசகரைத் தேர்வு செய்யும்போது என்ன கேட்பது?

“எங்கள் இருவரில் யாருடைய வளர்ப்பு உங்களுடையதுக்கு நெருக்கம்?” என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் தொடருங்கள். “நான் நடுநிலை” என்று மட்டும் சொன்னால் இன்னொருவரைப் பாருங்கள்.