நெல்லிச் சாறு ஏன் பொடியாவதில்லை?

கேள்வி: நெல்லிக்காய்ச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மிக்ஸியில் அரைத்தாலும் மறுநாள் கல்லாகிவிடுகிறது. கடையில் விற்கும் நெல்லி எக்ஸ்ட்ராக்ட் பவுடர் மட்டும் எப்படி உதிரியாக இருக்கிறது? கெமிக்கல் கலக்கிறார்களா?
– சுய உதவிக் குழுப் பெண்கள், பென்னாகரம்

பதில்: கெமிக்கல் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பொடி முழுக்க நெல்லியும் இல்லை.

சாற்றிலுள்ள சர்க்கரையும் புளிப்பும் தண்ணீர் போன பிறகும் இளகியே கிடக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். புளிக்கரைசலைக் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் தொழிற்சாலையில் சாற்றோடு மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பார்கள். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற வெள்ளை மாவு அது. மக்காச்சோளத்திலும் எடுக்கலாம், நம்ம தர்மபுரிப் பக்கம் விளைகிற மரவள்ளியிலும் எடுக்கலாம். வேலம்பிசின் சேர்ப்பவர்களும் உண்டு. அது ஆப்பிரிக்க வேலமரத்துப் பிசின், நம் கருவேலத்தில் வடிவது வேறு.

கலந்த சாற்றை ஸ்ப்ரே டிரையர் என்கிற, சூடான காற்று ஓடும் உலர்த்தும் மெஷினுக்குள் பனித்தூறல் போலப் பீய்ச்சுவார்கள். கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த யூனிட்டில், பார்வைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் வெறும் வெண்புகைதான் தெரியும். உள்ளே வரும் காற்று 160, 180 டிகிரி இருக்கும். ஆனாலும் சாறு கருகாது. துளியின் தண்ணீர் ஆவியாகும்போதே சூட்டைத் தின்றுவிடும். வெளியேறும் காற்று 80, 90 டிகிரிதான். சில விநாடிகளில் துளியைச் சுற்றி மாவுத்தோல் இறுகி, நெல்லிச் சத்து உள்ளே மாட்டிக்கொள்ளும். வைட்டமின் சி கொஞ்சம் போகத்தான் செய்யும். கீழே விழும் பொடியை உடனே பையிலிட்டு சீல் வைக்க வேண்டும். மழைநாளில் சற்று அசந்தால் கட்டிதான்.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் முதலில் இருந்தால் நெல்லியைவிட அதுதான் அதிகம். சர்க்கரை நோயாளிகள் கவனிக்கவும்: அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

உங்களுக்கு இந்த மெஷின் வேண்டாம், லட்சக்கணக்கில் ஆகும். கொட்டை நீக்கி, சீவி, மெல்லிய துணி மூடி நன்றாகக் காயவைத்து, நெல்லிமுள்ளியாக்கி அரையுங்கள். நாரும் சேர்ந்திருப்பதால் சாறு மாதிரி ஒட்டாது. தண்ணீரில் போட்டால் அடியில் தங்கும், அது குறையல்ல. லேபிளில் மட்டும் ‘சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம் மருந்துச் சட்டம் வந்து நிற்கும்.

சாற்றுப் பொடிதான் வேண்டுமென்றால், கூலிக்கு உலர்த்தித் தரும் யூனிட்டில் கொடுங்கள். கிலோவுக்கு எவ்வளவு மாவு சேர்ப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.